கரையாத காக்கையின் பந்தி

சாமி சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மீசையைச் சிரைத்துவிடுங்கள்.

ஏரிக்கரையில் கொக்குகளின் மனமகிழ் மன்றம் ஒன்று இருந்தது. ஏரி வற்றியதும் உறுப்பினர்கள் பறந்துபோக, சமையல்காரி கருப்பாயிக் காக்கை மட்டும் மிஞ்சினாள். உள்ளே பத்தாயம் நிறைய நெல். மதிலுக்கு வெளியே குருவிகள் பசியில் சுருண்டு கிடந்தன. ஊருக்கே பந்தி போட அனுமதி கேட்டு, அவள் ஆமை அதிகாரியிடம் ஓடினாள்.

“இது குடியிருப்பு மண்டலம், தாயீ. மன்றத்துல உறுப்பினருக்கு மட்டும்தான் சோறு,” என்றார் ஆமை.

“பசிச்ச வயிறு மண்டலம் பார்க்குமாங்கய்யா?”

“வயிறு பார்க்காது. நான் பார்க்கணுமே!”

பக்கத்து மரத்து ஆந்தையும் மறுப்புக் கொடுத்தது: “பகல்ல நான் தூங்கணும். கூச்சல் ஆகாது.”

அலைந்து அலைந்து அவள் இறகு உதிர்ந்த பிறகு அனுமதி வந்தது, ஒரே நிபந்தனையோடு: பந்திக்கு யாரும் சத்தம் எழுப்பக் கூடாது.

கருப்பாயி இலை போட்டுச் சோறு வைத்தாள். கரைவதைத் தவிர, ஊரைக் கூப்பிட அவளுக்கு வேறு வழி தெரியாது. வாயைத் திறந்தாள், ஆந்தையின் மரத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். யாரும் வரவில்லை. கூப்பிடாமல் உண்டு பழகாதவள், தானும் ஒரு பருக்கை தொடவில்லை. சோறு காய்ந்தது. மதிலுக்கு வெளியே கீச்சுச் சத்தமும் ஓய்ந்தது.

பார்வையிட வந்த ஆமை, சோறு காய்ந்து கிடந்த இலைகளைப் பார்த்தார்.

“சாப்பிட ஆளே இல்லை. இதுக்கா எங்களை இந்தப் பாடு படுத்தினே?” என்று அனுமதியை ரத்து செய்தார். கருப்பாயி பசியில் இலையோரமே சுருண்டாள்.

சொன்னது யாரென்று எங்கேயும் வாய்விட்டுவிடாதீர்கள். அதே ஆமையிடம் என் மனுவும் கிடக்கிறது.