லாபம், ரெண்டு, மூணு

“ஒண்ணு, இந்தப் பொம்மையை அமுக்கி எழுப்பிக் காட்டும். இல்லைன்னா வாசல் போர்டுல இருந்து உம்ம பேரை அழிச்சிரும்வே.”

எபினேசர் இப்படிச் சொன்னதும், சாத்தாங்காடு இரும்பு பஜாரின் சங்கக் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை வியாபாரிகளும் டம்ளரை வாயருகே நிறுத்திக்கொண்டார்கள்.

சிவந்தி அண்ணாச்சிக்குப் பேருக்கேற்ற மாதிரி காது சிவந்தது. ‘அவசர முதலுதவிக்கு: சிவந்தி’ என்ற போர்டு ஆறு வருஷமாகச் சங்க வாசலில் தொங்குகிறது. பயிற்சி முடிந்த மறுநாளே அவரே பெயிண்டரைக் கூப்பிட்டு எழுதி மாட்டியது. அந்தப் போர்டைப் பார்த்துவிட்டு லாரி டிரைவர்கள்கூட அவரை ‘டாக்டர் அண்ணாச்சி’ என்கிறார்கள். அதில் கைவைக்க இந்த எதிர்க்கடைக்காரன் யார்?

இருவரும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரே ரயிலில் வந்து இறங்கியவர்கள். எதிரெதிரே கடை போட்டவர்கள். அவர் கம்பி விலையை இறக்கினால் இவர் தகட்டு விலையை இறக்குவார்.

“படிச்சது மறக்குமாவே? நீச்சல் மாதிரில்லா அது,” என்றார் சிவந்தி.

“அப்ப நீந்திக் காட்டும்.”

பயிற்சி கொடுக்க வந்திருந்த நர்ஸ் ஷாலு வியாசர்பாடிக்காரி. ரப்பர் பொம்மையைப் பாயில் கிடத்தினாள்.

“இவரு உங்க கஸ்டமரு அண்ணாச்சி. நல்லா பேசிக்கினு இருந்தவரு பொத்துனு வுழுந்துட்டாரு. கூப்ட்டா பதில் இல்ல, மூச்சும் இல்ல. இன்னா பண்ணுவீங்க?”

சிவந்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். அவர் யோசிப்பதற்குள் அவர் கை முந்திக்கொண்டு, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துப் பொம்மையின் கையில் வைத்தது.

“இன்னாது இது?”

“இரும்பும்மா. கையில குடுத்தா...”

“இந்த பஜார் பூரா இரும்புதான் கீது. அதுல உசுரு பொழைக்கும்னா இங்க ஒருத்தரும் சாவவே கூடாதே.”

கூடம் குலுங்கியது. சிவந்தி அவசரமாகப் பொம்மையின் இடப்பக்கத்தில் கைவைத்து அழுத்தினார்.

“நடு நெஞ்சுல வைங்க. முழங்கை மடங்குது பாருங்க. அமுக்கச் சொன்னா தடவிக் குடுத்துகினு கீறீங்களே, அவரு தூங்கிடப் போறாரு.”

சரியாக அழுத்தினால் பொம்மையின் தோளில் பச்சை விளக்கு எரியவேண்டும். எரியவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே கையால் எரிந்த விளக்கு.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிவந்தி திரும்பினார். “ஓய், நாற்காலியில உக்காந்து நாட்டாமை பண்ணுதீரே, நீரு வந்து செஞ்சு பாரும்.”

“நான் கத்துக்கிட்டு எனக்கு என்னவே பிரயோசனம்?” என்று எபினேசர் காலை நீட்டிக்கொண்டார்.

என்ன திமிர் என்று கூடமே முணுமுணுத்தது.

“வுடுங்க அண்ணாச்சி,” என்றாள் ஷாலு. “ஆறு வருசம் தொடாம இருந்தா யாருக்கும் மறந்துதான் பூடும். மொதல்ல தட்டிக் கூப்புடுங்க. பக்கத்துல கீறவங்கள 108க்குப் போன் போடச் சொல்லுங்க. அப்பால கைய நேரா வெச்சு, ரெண்டு அங்குலம் உள்ள போற மாதிரி வேகமா அமுக்குங்க. ஒவ்வொரு தபாவும் நெஞ்சு மேல வர வுடுங்க.”

வந்த கோபத்தையெல்லாம் சிவந்தி தோளுக்கு இறக்கினார். “லாபம், ரெண்டு, மூணு, நாலு...”

“லாபமா? ஒண்ணுன்னு எண்ணுங்க.”

“ஒண்ணுன்னு தொடங்கினா யாவாரம் வெளங்காதும்மா.” சரக்கு எதுவானாலும் முதல் எண்ணிக்கையை லாபம் என்றே சொல்லிப் பழகிய வாய் அது.

“சரி, பொழச்சாருன்னா லாபந்தான். நிறுத்தாதீங்க, எண்ணுங்க.”

விளக்கு மினுக்கியது. அணைந்தது.

“இன்னும் ஆழமாவே,” என்று எபினேசர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “விலா எலும்பு ஒடிஞ்சாலும் பரவாயில்ல, அமுக்கும்.”

“உம்ம எலும்பா ஒடியுது, பரவாயில்லைங்கதுக்கு?” என்று மூச்சிரைக்கக் கேட்டபடியே சிவந்தி அழுத்தினார். விளக்கு எரிந்தது. இந்த முறை அணையவே இல்லை. முப்பது வந்ததும் மூச்சு கொடுத்தார், மறுபடி லாபத்திலிருந்து ஆரம்பித்தார்.

ஷாலு கைதட்டினாள். “போர்டு அங்கியே இருக்கட்டும். ஆனா வருசத்துக்கு ஒருதபா வந்து செஞ்சுட்டுப் போங்க.”

“வருசமெல்லாம் கட்டாதும்மா,” என்று எபினேசர் குறுக்கே புகுந்து பேரம் பேசினார். “இவருக்கு மாசத்துக்கு ஒண்ணு போடு.”

வெளியே வந்ததும் சிவந்தி போர்டின் கீழே நின்று நெஞ்சை நிமிர்த்தினார். “என் பேரை அழிக்கப் பாத்தீரே, நடந்துதா?”

எபினேசர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உம்ம பேரை அழிச்சு நான் என்னத்தக் கட்டப் போறேன்? சும்மா கூப்பிட்டா வரமாட்டீரு, அதான் சீண்டினேன். அடுத்த மாசம் என் நெஞ்சுக்குள்ள ஒரு மிஷின் வைக்காங்க. அதுவரைக்கும் ஹார்ட்டு எப்ப வேணா நின்னுரலாமாம். அமுக்கத் தெரிஞ்ச ஆளு பக்கத்துலேயே இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

சிவந்தியின் கை தானாக எபினேசரின் தோளைப் பிடித்தது. “அதுக்கு உம்ம கடையில ஆளு இல்லையாவே?”

“இருக்கானுவ, எல்லாவனும் போனைத்தான் பாக்கான். கடை தொறந்ததுல இருந்து அடைக்கிற வரைக்கும் கண்ணு கொட்டாம என்னையே பாத்துக்கிட்டு இருக்கது, இந்த பஜார்ல நீரு ஒருத்தர்தானவே.”