பள்ளத்தாக்கில் ஒரு குறை

“ஏதோ ஒண்ணு கொறையுதுங்க சார்.”

தேயிலைக் கொழுந்து பறிக்கும் இலட்சுமி தலையைச் சாய்த்துப் படத்தைப் பார்த்தபடி சொன்னாள். ஓவியர் முஹ்ஸின் படத்தின் அருகே குனிந்து பார்த்தார். படம் முடிந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அப்போதுதான் தூரிகைகளைக் கழுவி வைத்திருந்தார்.

“என்ன கொறையுது?”

“சொல்லத் தெரியலைங்க. மலை என்னமோ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு.”

முஹ்ஸின் சிலிர்த்துப் போனார். பெல்மதுளையில் வாப்பாவின் பிடவைக் கடையை கூடப் பிறந்த நானாவின் தலையில் கட்டிவிட்டு, பள்ளத்தாக்குகளைத் தேடித் தேடி வரைந்துகொண்டிருக்கிற மனிதர் அவர். போன கண்காட்சியில் ஒரு விமர்சகர், “இதுக்குக் கீழ திகதியப் போட்டா கலண்டராச்சு” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து முஹ்ஸினுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. மலைக்கு மூஞ்சி உண்டென்று அந்த விமர்சகருக்குக்கூடத் தோன்றியதில்லையே!

இந்தத் தடவை கொழும்பில் தனுஜா மேடத்தின் ஓவியக் கூடத்தில் நடுச் சுவரே அவருக்காகக் காத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் படம் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் சுவர் இன்னொருவருக்குப் போய்விடும், கலண்டர் என்ற பெயர் மட்டும் இவருக்கு நிலைத்துவிடும்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தை நிர்வகிக்கிற தொரைக்கு ஓவியம் என்றால் உயிர். “சார் வரைஞ்சு முடிக்கிற வரைக்கும் ஆறு பொம்பளைங்க சரிவுல நிக்கட்டும், முழு நாள் சம்பளத்துக்குப் பேரு போட்டுருங்க” என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லியிருந்தார். படத்தில் இலட்சுமி உட்பட அந்த ஆறு பெண்களும் கடுகளவுதான் வருவார்கள். ஆனாலும் ஆறு கடுகுக்கு ஆறு உயிருள்ள ஆட்களை நிறுத்தி வைத்தால்தான் முஹ்ஸினுக்குக் கை ஓடும். கலைஞர்கள் அப்படித்தான், கேட்கக் கூடாது.

இலட்சுமி சொன்னதற்காக முஹ்ஸின் மலையைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தீட்டினார். சுரண்டுகிற நேரம் யாரும் நிற்க வேண்டியதில்லை என்பதால் வெள்ளையம்மாவும் மற்றவர்களும் தேயிலைக்கு நடுவே காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்தார்கள்.

மறுநாள் மலை சிரித்தது. “இப்ப எப்படி?” என்றார் முஹ்ஸின், பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி.

“மலை நல்லாருக்குங்க. ஆனா வானம் கொஞ்சம் அவசரப்படுதுங்களே.”

வானம் அவசரப்படுகிறது! முஹ்ஸின் அந்த வாக்கியத்தை மறக்காமல் கைபேசியில் பதிந்துகொண்டு வானத்தை அழித்தார். வானம் அடங்கியதும் ஆற்றில் ஈரம் போதாது என்றாள். ஈரம் வந்ததும், “பள்ளம் ஆழமாத்தான் இருக்கு, ஆனா விழுந்தா வலிக்காது போல” என்றாள். இடையில் மழை வேறு. அட்டைகள் முஹ்ஸினின் காலில் ஏறி வயிறாரக் குடித்துவிட்டு இறங்கின. அவருக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை.

வியாழக்கிழமை தனுஜா மேடம் தொலைபேசியில் கத்தினார். “முஹ்ஸின், படம் வருதா, இல்ல அந்தச் சுவர்ல நான் மணிக்கூடு மாட்டவா?”

“இலட்சுமி இன்னும் சரின்னு சொல்லல்ல மேடம்.”

“யாரது இலட்சுமி? எந்தப் பல்கலைக்கழகம்?”

“இந்தத் தோட்டம்தான்” என்றார் முஹ்ஸின் பெருமையாக.

வெள்ளிக்கிழமை வேன் வந்து ஹோர்ன் அடித்தது. “இன்னும் ஒரு வாரம் இருந்தாத் தேவலைங்க சார்” என்று இலட்சுமி இழுத்துப் பார்த்தாள். முஹ்ஸினுக்கும் ஆசைதான், ஆனால் சுவர் போய்விடுமே. காயாத படத்தை வேனில் ஏற்றியபோது அவள் கண் கலங்கி நின்றாள். வெள்ளையம்மா மூக்கைச் சிந்தினாள். ஒரு நிலக்காட்சிக்காகப் பெண்கள் வரிசையாக நின்று அழுவதை முஹ்ஸின் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. வேனில் அவரும் கொஞ்சம் அழுதார்.

கண்காட்சியில் கூட்டம் அள்ளியது. அதே விமர்சகர் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்று, “இந்த மலைக்கு ஒரு மனசிருக்கு” என்றார், தானே கண்டுபிடித்த மாதிரி. சுரண்டிச் சுரண்டித் தடித்துப்போயிருந்த சாயத்தை ‘அடுக்கடுக்கான துயரம்’ என்றார். கலண்டர் என்ற பேச்சே எழவில்லை.

முஹ்ஸினுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தொரையின் ஜீப்பில் வரவழைத்திருந்த இலட்சுமியை மேடைக்குக் கூப்பிட்டார். “என் கண்ணத் திறந்தது இவங்கதான். கொறை இருக்குன்னு இவங்க சொல்லல்லைன்னா நான் இன்னைக்கும் கலண்டர்தான் வரைஞ்சிட்டிருப்பேன்” என்று அவளைக் காட்டினார். கைதட்டல் அடங்கவே நேரமானது.

விமர்சகர் ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினார். “நீங்களே சொல்லுங்கம்மா. படத்துல கொறை இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?”

இலட்சுமி படத்தில் தன்னைத் தேடினாள். தான் எந்தக் கடுகு என்று தெரியாமல் விட்டுவிட்டு முஹ்ஸினைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு பரிதாபம் வந்து போனது. பாராட்டைக் கேட்டுக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்து, ‘சொல்லுங்க’ என்பதுபோல் அவர் தலையாட்டினார்.

“கொறையெல்லாம் ஒண்ணுமில்லைங்க. படம் முடிஞ்சா மறுநாளே கொழுந்துக் கூடையத் தூக்கணுமே!”