விசிறியும் எஞ்சினும்

நீருக்கடியில் சுழன்று சிலுவைதாசனின் படகைத் தள்ளப் புதிதாக வந்த விசிறிக்கு இதழ்கள் நன்றாகச் சாய்ந்திருந்தன. "ஒரே சுற்றில் பழைய விசிறியைவிட இரண்டு மடங்கு தள்ளுவேன்," என்று எஞ்சினிடம் பெருமையடித்தது.

"தள்ளுவது நீ, மூச்சு முட்டுவது எனக்கு! நீ வாரித் தள்ளும் அத்தனை தண்ணீரையும் எதிர்த்து உன்னைச் சுழற்ற என்னால் ஆகாது," என்று எஞ்சின் கரும்புகை கக்கிக்கொண்டு கத்தியது.

"திராணி இல்லையென்று சொல்!"

மீன் பாரத்தோடு திரும்பும்போது எஞ்சின் கொதித்து நின்றுபோனது. சிலுவைதாசன், "தண்டம்!" என்று அதைத்தான் உதைத்தார், விசிறியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எஞ்சினுக்கு ஆத்திரம் பொங்கியது. யார் கேட்பது? கரை சேர்ந்ததும் அதைக் கழற்றி மணலில் போட்டுவிட்டார்கள்.

அதே விசிறியோடு, அதே அளவில் புது எஞ்சின் பூட்டிய படகு, பழைய எஞ்சினின் கண்ணெதிரே கடலில் இறங்கியது. புது எஞ்சினும் முக்கி முனகி, அலை தாண்டுமுன்னே நின்றது.

தண்ணீருக்குள்ளிருந்து விசிறி அலுத்துக்கொண்டது: "இந்தக் காலத்தில் எந்த எஞ்சினுக்குத்தான் உழைக்க மனம் வருகிறது!"