தண்ணீர்ப் புட்டியில் தப்பில்லை

லெக்சிங்டன் ஆய்வுக்கூடத்தின் வெள்ளை விளக்கடியில், வெர்னா செத்த எலியின் வயிற்றை விரித்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். முதுகெலும்பையொட்டி ஓடும் பெருநாடி மிளகளவுக்குப் புடைத்து வெடித்திருக்கிறது; சுற்றிலும் கறுத்த ரத்தக்கட்டி. இரத்த அழுத்தத்தை ஏற்றும் ஹார்மோன் எல்லா எலிகளுக்கும் தோலடியில் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. இந்தக் கூண்டுக்கு மட்டும், அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து வைப்பவள் வெர்னாதான். இது பிழைத்திருக்க வேண்டிய எலி. “புட்டிய மாத்தி வச்சிட்டியாக்கா? கண்ணாடி வேற போடாம வந்திருக்க,” என்கிறான் உடன் வேலை செய்யும் கிளைட். “போடா. முப்பது வருஷமா எலியோட குடித்தனம் நடத்துறவ நான்.” சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. அதே கூண்டின் மிச்ச எலிகளின் வாலில் குட்டிப் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் அளக்கிறாள். பட்டை உப்பி உப்பி அடங்குகிறது. ஒன்றுக்குக்கூட அழுத்தம் ஏறவில்லை. மருந்து சரியாகத்தான் போயிருக்கிறது. “அழுத்தமே ஏறாம நாடி எப்பிடிடா வெடிக்கும்?” “அந்த ஹார்மோனே நேரா நாடிச் சுவர அரிக்குதோ என்னவோ,” என்று கிளைட் தலையைச் சொறிகிறான்.

சட்டைப்பையில் கைபேசி அதிர்கிறது. ஒரு கையுறையைக் கழற்றிவிட்டு எடுக்கிறாள். கணவன் ஹோமர். அவன் வயிற்று நாடியிலும் நாலு சென்டிமீட்டர் புடைப்பு. மாத்திரையில் அழுத்தம் அடங்கினால் பயமே இல்லை என்று தினமும் தைரியம் சொல்பவள் அவள்தான். “பிரஷர் நூத்திப் பதினெட்டு, புள்ள! எமன் வந்தாலும் திரும்பிப் போயிருவான்,” என்று சிரிக்கிறான். வெர்னா பிளந்து கிடக்கும் எலியையே பார்க்கிறாள். “இன்னொரு தடவ அளந்து சொல்லேன்,” என்கிறாள், எதற்கென்று தெரியாமலே.