பதினெட்டாவது குப்பி

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. நான் வேலை பார்க்கும் சென்ட் கம்பெனி ஆய்வகத்தில் அவர் வாசனையைக் கொண்டுவரத் தலைகீழாக நின்றேன். கிராம்பு, பட்டை, புகையிலை எல்லாம் சேர்த்தாயிற்று. பாட்டிலின் வடிவத்துக்குக்கூட அவருடைய அகன்ற தோள்தான். வீட்டுக்குக் கொண்டுபோன பதினேழு மாதிரிக் குப்பிகளுக்கும் அம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

“எல்லாம் இருக்குடி. மனுசன்தான் இல்ல.”

இன்று காலை ஆய்வகத் தட்டில், திருப்பிக் கொண்டுவந்து வைத்த பதினேழோடு சேர்த்துப் பதினெட்டுக் குப்பிகள் இருந்தன. கடைசியை நான் கலக்கவில்லை. ஏசி குளிரிலும் அது, சட்டைப் பையிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

மாலையில் அம்மா எதிரே அதன் மூடியைத் திறந்தேன். அவள் குப்பியைப் பார்க்கவே இல்லை. கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாள்.

“ஏங்க, வர்றதுக்கு இவ்வளவு நேரமா? சாப்பாடெல்லாம் ஆறிப்போச்சு.”