சத்தம் போட்டால் ஓடாது

"இண்டைக்கு எப்பிடியும் ஓடவேணும் கிருபன். இனியும் என்னால பொறுத்துக்கொண்டிருக்கேலாது."

குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த சுசிலாவின் கை அப்படியே நின்றுவிட்டது. முன்னறையிலிருந்து கேட்டது அவளுடைய மகள் நிரோசினியின் குரல்.

அந்த அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பள்ளிக்கூடங்களுக்குப் பரீட்சைத்தாள் அடித்துக் கொடுப்பதற்காக நிரோசினி வாங்கியது. வேறொருவர் பாவித்துவிட்டு விற்றது, இரண்டாயிரமாம் ஆண்டிலேயே பழசு. கிழமையில் பாதி நாள் படுத்துவிடும். அதை எழுப்பிவிட வருகிறவன்தான் கிருபன். வவுனியாவில் அவனை விட்டால் ஆளில்லை. குணத்திலும் தங்கம். ஆனால் சைவக்காரன், திருநீறு பூசுகிறவன்.

சுசிலா வீட்டார் முள்ளிவாய்க்காலிலிருந்து இடம்பெயர்ந்து வந்த வேதக்காரர், கத்தோலிக்கர். கிருபனின் தாய் கமலேஸ்வரி பெண் கேட்டு வந்தபோது, "பங்குச் சுவாமியிட்டைக் கேட்டுச் சொல்லுறன்" என்றார் சுசிலாவின் புருஷன் மத்தேயு. இரண்டு நத்தார்ப் பண்டிகை கழிந்தும் சுவாமியைக் கேட்ட பாடில்லை. மறுக்க மனிதருக்கு மனமில்லை, சம்மதிக்கத் துணிவில்லை.

சுசிலா காதைத் தீட்டிக்கொண்டாள்.

"ஓடலாம்," என்றது கிருபனின் குரல். "ஆனால் பாரம் கூட. வீடு, மரம், சனம் எல்லாத்தையும் விட்டால்தான் ஓடலாம்."

"வீட்டை விடுறதில எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை."

சுசிலா கையில் மீனோடு கதவோரம் நகர்ந்தாள்.

"சத்தமும் கூடாது. சத்தம் போட்டால் ஓடவே ஏலாது."

"அதெல்லாம் சரி. போன முறை மாதிரி நடுவழியில நிண்டிட்டால்?"

போன முறையா? சுசிலா மீனைப் போட்டுவிட்டு வீட்டின் பின்னால் கோடிப்பக்கம் ஓடினாள். சந்தையில் மீன் விற்றுவிட்டு வந்த மத்தேயு, சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, பெட்டை ஓடப்போறாள்."

"எங்கை?"

"எங்கையெண்டு எனக்குச் சொல்லிப்போட்டே ஓடுவாள்? அந்தப் பெடியனோடைதான். வீடும் வேண்டாமாம், சனமும் வேண்டாமாம். முந்தியும் ஒருக்கா வெளிக்கிட்டு நடுவழியில நிண்டவையாம்."

மத்தேயுவின் முகம் கறுத்துப்போனது. முள்ளிவாய்க்கால் கடலில் எந்தக் காற்றுக்கும் அஞ்சாத மனிதர்தான். ஊர் வாய் என்றால் மட்டும் நடுக்கம்.

"ஓடினால் கோயில் வாசலில நிமிர்ந்து நிக்கேலாது," என்றார். "அதுக்கு நாங்களே கட்டி வைச்சிடலாம். நீ படலையைப் பூட்டு. ஒருத்தரையும் வெளியில விடாதை. நான் இந்தா வாறன்."

அவர் சைக்கிளை மிதித்துப் போன வேகத்தைப் பார்த்து எதிர்வீட்டு நாய்கூட எழுந்து நின்றது. சுசிலா படலையைப் பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். மீன் செதில் ஒட்டிய கத்தியோடு வாசலில் குந்திவிட்டாள். செபமாலை இருக்க வேண்டிய கையில் கத்தி இருக்கிறதே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கீழே வைக்கவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. மத்தேயு இறங்கினார். பின்னால் கமலேஸ்வரி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு இறங்கினா.

"எல்லாம் கதைச்சாச்சு," என்று மத்தேயு மூச்சு வாங்கினார். "சுவாமியும் ஓமெண்டிட்டார். வாற ஞாயிறு கோயிலில கலியாண அறிவித்தல் வாசிக்கினம்."

மூவருமாகப் போய் முன்னறை வாசலில் தொங்கிய சீலையை விலக்கினார்கள்.

கம்ப்யூட்டரில் ஒரு சிவப்புக் கார் சர்ரென்று போய்க்கொண்டிருந்தது. அதுவும் முழுத் திரையில் இல்லை, நடுவில் தபாலட்டை அளவு பெட்டிக்குள். தெருவோரத்தில் ஒரு வீடில்லை, ஒரு மரமில்லை, வேடிக்கை பார்க்க ஒரு சனமில்லை. சத்தமும் இல்லை.

"ஓடுது அன்ரி," என்றான் கிருபன், பல்லெல்லாம் தெரிய. "கார் ரேஸ் கேம். புதுக் கம்ப்யூட்டருக்கெண்டு செய்தது. இந்தப் பழசு அந்தப் பாரத்தைத் தாங்காது, நடுவழியில நிண்டிடும். அதுதான் வீடு, மரம், சனம், சத்தம் எல்லாத்தையும் எடுத்துப்போட்டுப் படத்தையும் சின்னனாக்கி விட்டனாங்கள்."

மத்தேயு சுசிலாவைப் பார்த்தார். சுசிலா வாழைப்பழச் சீப்பைப் பார்த்தாள்.

"அப்ப ஓட இருந்தது காரோ?" என்று மெல்லக் கேட்டார் மத்தேயு.

"ஆர் ஓடினால் என்ன அண்ணை," என்றா கமலேஸ்வரி. "நீங்கள் தந்த சொல்லு சொல்லுத்தானே?"

மத்தேயு தலையைச் சொறிந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிக்கச் சிரிக்க அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டு வருஷமாகச் செய்ய நினைத்துச் செய்யாத ஒன்றைத் தவறிப்போய்ச் செய்துவிட்ட சந்தோஷம் அது.

"சொல்லுத்தான். அதில மாற்றமில்லை," என்று கிருபனின் தோளில் தட்டினார். "இனியென்ன தம்பி அன்ரி? மாமி எண்டு கூப்பிடும்."

தேத்தண்ணி போட நிரோசினி குசினிக்குப் போனாள். சுசிலா பின்னாலேயே போய் அவள் காதைப் பிடித்துத் திருகினாள். கோபமில்லை, மனம் நிறைந்திருந்தது.

"கொஞ்சம் மெல்லமாக் கதைச்சிருக்கலாமே பிள்ளை? எனக்கு உயிர் போய் வந்திட்டுது."

"மெல்லமாக் கதைச்சால் குசினிக்குக் கேக்காதே அம்மா," என்றாள் நிரோசினி, கேத்தலை அடுப்பில் வைத்தபடி. "அந்தக் கார் போன மாசமே ஓடிட்டுது. அப்பாவைத்தான் ஓட வைக்க வேண்டியிருந்தது."