காற்று திரும்பட்டும்

மழைக்கு வழி மறந்துபோன ஒரு பாலைவன ஊர். அங்கே ஒரு வீட்டின் பரணில் பழைய கம்பளி ஒன்று வெந்துகொண்டு கிடந்தது. கீழே ஏர்கூலருக்கோ ராஜ உபசாரம். வீட்டுக்காரி அதற்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவாள். வாசனைக்கு வெட்டிவேர்கூடச் செருகுவாள். பிள்ளைகள் அதன் முன்னால்தான் உருண்டு படுப்பார்கள்.

கம்பளிக்கு வயிறு பற்றி எரிந்தது.

“என்ன கம்பளியக்கா, மேலே வேர்க்குதா?” என்று கூலர் இளிக்கும்.

“ஆடு தம்பி, நல்லா ஆடு. கோடை முடிஞ்சு காத்து திரும்பட்டும். அப்புறம் உன்னை யார் சீண்டுறாங்கன்னு பார்க்கிறேன். கட்டில் எனக்குத்தான்!”

பேரீச்சை பழுத்து உதிர்ந்தது. இலையுதிர் காலமும் வந்தது. ஒரு விடியலில் காற்று சில்லென்று திரும்பியது. வீட்டுக்காரி கம்பளியை இறக்கினாள், உதறினாள், வெயிலில் காயப்போட்டாள். கம்பளிக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் உள்ளே வந்து பார்த்தால், கட்டிலில் பூப்போட்ட புது ரஜாய்ப் பஞ்சுப் போர்வை ஒன்று பிள்ளைகளை அணைத்துக்கொண்டு கிடந்தது. வீட்டுக்காரி கம்பளியைக் கூலர் மேல் போர்த்தினாள். தூசி அடையாதிருக்கக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினாள்.

“அக்கா, மூச்சு முட்டுது,” என்றது கூலர்.

கம்பளி கட்டிலையே வெறித்துக்கொண்டிருந்தது. பிறகு கூலரின் காதோரம் மெல்லச் சொன்னது:

“பொறுத்துக்கோ தம்பி. இந்தக் குளிர் எத்தனை நாளைக்கு? வெயில் வரட்டும். அப்புறம் அந்த மினுக்கியை யார் சீண்டுறாங்கன்னு பார்ப்போம்.”